சோறு ஆறுவதற்குள் எழுதிய உறுதி

எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்க்க ஆறு மாதம் எடுப்போம். பையன் எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறான், கோபம் வந்தால் கையில் கிடைப்பதை எறிவானா, அவனுடைய உம்மா எப்படிப்பட்ட ஆள் என்று மருதமுனையிலிருந்து ஒலுவில் வரை ஆள் விட்டு விசாரிப்போம். அந்த மாப்பிள்ளை வந்து குடியேறப் போகும் வீட்டுக்கு உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதுகிற நொத்தாரிசைத் தெரிவு செய்ய மட்டும் எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். "நம்மட ஆள் ஒருத்தர் இரிக்காரே" என்று யாராவது சொன்னால் காரியம் முடிந்தது.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களில் வீடு பெண் பிள்ளைக்கு. பெற்றவர்கள் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டி, அதை அவள் பெயரில் எழுதி, நிக்காஹ் முடித்து வைப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அந்த வீட்டுக்கு வருவார். என் கணவரும் அப்படி வந்தவர்தான். சண்டை வந்தால் வாசலைக் காட்டும் உரிமை எங்களுக்கு. நான் இருபத்தெட்டு வருடத்தில் இரண்டு தடவைதான் காட்டியிருக்கிறேன். அந்த வாசல் என்னுடையதே இல்லை என்று பிறகு தெரியவந்தபோது அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

எங்கள் வாப்பாவுக்கு இரண்டு பெண்கள். ராத்தா மூத்தவர், நான் இளையவள். பிரதான வீதியோரம் இருந்த ஒரே வளவில் வாப்பா இரண்டு வீடு கட்டினார். வீதியைப் பார்த்தது முன் வீடு. அதற்குப் பின்னால், பக்கத்துச் சின்ன ஒழுங்கை வழியால் போகிற மாதிரி, பின் வீடு. ராத்தாவுக்கு வீதிச் சத்தம் பிடிக்காது என்பதால் பின் வீடு அவருக்கு, முன் வீடு எனக்கு என்பதுதான் முதல் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின்படியே இரண்டு நன்கொடை உறுதியையும் தட்டச்சு செய்து வைக்கும்படி நொத்தாரிசுக்குச் சொல்லியாகிவிட்டது. பிறகுதான் ராத்தாவுக்கு வந்த மாப்பிள்ளை, முன் விறாந்தையில் ஒரு சாரன் கடை போடலாமே என்று ஆசைப்பட்டார். ராத்தா அந்த ஒரு சொல்லில் வீதிச் சத்தத்தை நேசிக்கத் தொடங்கிவிட்டார். வீடுகளை மாற்றிக்கொள்வதென்று வீட்டுக்குள் பேசி முடித்தோம். நொத்தாரிசுக்குச் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வாப்பா உம்மாவிடம் சொன்னார், உம்மா மாமியிடம் சொன்னார், மாமி ஊருக்கே சொன்னார். சொல்லாமல் விட்ட ஒரே ஆள் உறுதி எழுதியவர்தான்.

நொத்தாரிசு வேறு யாருமல்ல, வாப்பாவுக்கு மச்சான் முறை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு இரண்டு உறுதிகளையும் தோல் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். உம்மா நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் சமைத்திருந்தார். கையெழுத்து வைக்க வேண்டும் என்று ராத்தாவையும் என்னையும் அறை வாசலில் நிற்க வைத்தார்கள். நொத்தாரிசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராத்தாவின் உறுதியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். இன்னாரின் மகன் இன்னாராகிய நான், எனது மூத்த மகளுக்கு, அவர் மீது எனக்குள்ள என்ற இடம் வரைக்கும் வந்திருப்பார். வாப்பா கையை உயர்த்தினார்.

"போதும் மச்சான். நம்மட ஆளுக்குள்ள என்ன வாசிப்பு. சோறு ஆறுது."

நொத்தாரிசுக்கும் பசி. வாசித்து விளங்கப்படுத்தினேன் என்று தானே கையெழுத்து வைத்தார். வாப்பா வைத்தார், ராத்தா வைத்தார், நானும் வைத்தேன். சொந்தக்காரர் எழுதியதை முழுக்க வாசிக்கச் சொன்னால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். எங்கள் ஊரில் அது காணி போவதைவிடப் பெரிய விஷயம். நான் அப்போது ஆசிரியர் கலாசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு முப்பது வருடத்துக்குக் கிட்ட, கேள்வியை இரண்டு தரம் வாசித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். என் சொந்த உறுதியை ஒரு தரம்கூட வாசிக்கவில்லை.

உறுதி ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் போனது. பேணி அலுமாரிக்குள் போனது. சுனாமியில் கடல் வந்த அன்று நான் பிள்ளையை இடுப்பிலும் அந்தப் பேணியைத் தலையிலும் வைத்துக்கொண்டு மேற்கே ஓடினேன். முன்னால் ராத்தா தன் பேணியோடு ஓடினார். எங்கள் வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்தான் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். பேணிகளைத் திறந்து, உறுதி நனையவில்லை என்று தொட்டுப் பார்த்து, முத்தம் கொடுத்து, திரும்ப மூடினோம். அப்போதும் வாசிக்கவில்லை.

இனி ராத்தாவுக்கும் எனக்கும் பேச்சு நின்ற கதைக்கு வருகிறேன். வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிச் சில வருடம் கழித்து, ராத்தா முன் வீட்டுக்கு மேல்மாடி கட்ட வெளிக்கிட்டார். கூரையில் தூண்கள் எழும்பின, கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. திடீரென்று வேலை நின்றது. மாநகர சபைக்கு அனுமதி எடுக்கப் போனவர் திரும்பி வந்து, தனக்கு முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது என்று எல்லோருக்கும் சொன்னார். கம்பிகள் அப்படியே துருப்பிடித்தன. நான் விடுவேனா? அந்த வீட்டுக்கு முள்ளுத்தலை வீடு என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் ஒழுங்கை முழுவதும் பரவியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த மாதங்களில் என் வளவுத் தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுந்து ராத்தாவின் தண்ணீர்த் தாங்கி உடைந்தது. மரத்தை வெட்டச் சொன்னார். வாப்பா நட்ட மரம், வெட்ட மாட்டேன் என்றேன். கதை மத்தியஸ்த சபை வரைக்கும் போனது. என் கணவர் அப்போது கட்டாரில் வேலையில். நான் தனியாகப் போய் மூன்று பெரிய மனிதர்களுக்கு முன்னால் நின்று நீதிமன்றத்துப் புறக்டர் மாதிரிக் கதைத்தேன். இது வாப்பா எனக்குத் தந்த வளவு, இதில் நிற்கிற மரம் என்னுடையது, இதில் கை வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்றேன். ராத்தா எதிர்க் கதிரையில் நீலப் பிடி போட்ட ஒரு கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பையின் பிடியை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தார். வாய் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நான் நினைத்தேன். மரம் தப்பியது, நான் வென்றேன், ராத்தா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதை விட்டார்.

பதினொரு வருடம். நோன்பு மாதத்தில் கஞ்சி மட்டும் போய் வரும். என் மகள் கொண்டுபோவாள், பெரியம்மாவின் விமர்சனத்தையும் சேர்த்துக் கொண்டுவருவாள். "உங்கட உம்மாட கைக்கு உப்பெண்டா பயம்போல" என்பது போன வருடத்து விமர்சனம். நானும் சும்மா இருப்பதில்லை.

அந்த மகளுக்குத்தான் போன வருடம் கலியாணம் சரி வந்தது. நல்ல இடம், மாஷா அல்லாஹ். மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது, அதை மறைக்கும் முயற்சிகூட அவள் செய்யவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். வீட்டை மகளின் பெயரில் எழுதி, உறுதியின் பிரதியை நிக்காஹுக்கு முன் காட்ட வேண்டும். அந்த மனிதரின் மூத்த மகன் ஒருவன், எழுதித் தருவதாகச் சொன்ன வீட்டுக்குப் போய் ஏழு வருடம் வழக்குப் பேசிக்கொண்டு இருக்கிறானாம். நியாயமான பயம்தான். நிக்காஹுக்கு ஐந்து வாரம் இருந்தது.

"நம்மட ஆள் ஒருத்தர் இரிக்காரே" என்று என் கணவர் தொடங்கினார். அந்தப் பழைய நொத்தாரிசின் மகனும் நொத்தாரிசுதான். நான் வேண்டாம் என்றேன். புத்தி வந்து சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவருடைய மனைவிக்கும் எனக்கும் ஒரு வலீமா விருந்தில் வந்த கொழுவல் இன்னும் தீரவில்லை. வேறு ஆளைத் தேடினோம். குரல் கம்பீரமான ஒருவரைச் சொன்னார்கள், லுஹர் தொழுகைக்குள் முடித்துத் தருகிற ஒருவரைச் சொன்னார்கள், சுவர் முழுக்கப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவரைச் சொன்னார்கள். கடைசியில் கல்முனை நகரில் ஒரு பெண் நொத்தாரிசிடம் போனேன். காரணம், அவள் என்னிடம் படித்தவள். எட்டாம் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதற்காக அவளைக் கதிரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். நான் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன்.

ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். எத்தனை நாளில் முடியும் என்று கேட்டேன். பழைய உறுதி சரியாக இருந்தால் இரண்டு கிழமை, பிழையாக இருந்தால் எனக்கே தெரியா என்றாள். பழைய உறுதிதான் கையில் இருக்கிறதே, காணிப் பதிவுக் கந்தோரில் ஏன் மினக்கெட்டுத் தேட வேண்டும் என்றேன். இதே காணியை வாப்பா வேறு ஆருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்றாள். வாப்பாவைப் பற்றியா கதைக்கிறாய் என்று எனக்கு முகம் சிவந்தது. எல்லாருடைய வாப்பாவைப் பற்றியும் இப்படித்தான் கதைப்பேன், அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள் என்று சிரித்தாள். வேலி பரம்பரையாக நிற்கிறதே, நில அளவையாளர் வரத்தான் வேண்டுமா என்று கேட்டேன். வேலிக்கு நடக்கத் தெரியும் டீச்சர் என்றாள். கடைசியாக, சொந்தத்துக்குள் ஒரு நொத்தாரிசைப் பிடிப்பது நல்லதில்லையா என்று கேட்டு வைத்தேன்.

"சொந்தமா இரிக்கிறது பிழையில்ல டீச்சர். உங்களுக்குக் கேள்வி கேக்க வெக்கமா இரிக்கிற ஆளிட்ட மட்டும் போகாதீங்க."

அந்தப் பதிலையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பிறகு பேணியைத் திறந்து உறுதியைக் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்து வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். தேநீர் ஆடை கட்டியது.

"டீச்சர், நீங்க இரிக்கிறது வீதியப் பாத்த வீட்டுலயா?"

"இல்ல புள்ள, பின் வீட்டுல. முன் வீட்டுல ராத்தா."

"இந்த உறுதியில மேற்கு எல்லை பிரதான வீதி எண்டு இரிக்கே."

மேற்கு எல்லை பிரதான வீதி என்றால் அது முன் வீடு. என் பெயரில் இருப்பது ராத்தா குடியிருக்கும் வீடு. அடுத்த கிழமை காணிக் கந்தோரில் தேடியபோது மிச்சமும் வந்தது. நான் பிள்ளை பெற்று, சமைத்து, சண்டை பிடித்து, கணவருக்கு வாசலைக் காட்டிய பின் வீடு ராத்தாவின் பெயரில் இருந்தது. தென்னை மரமும் சேர்த்து.

"கேள்விய ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லித் தந்தது நீங்கதான்" என்றாள் அந்தப் பிள்ளை. கதிரையில் ஏற்றி நிறுத்திய கணக்கு அன்றோடு தீர்ந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். பிரதான வீதியில், கடையோடு, முன் வீடு என்னுடையது. அன்று பின்னேரம் வேண்டுமென்றே வீதியால் நடந்து போனேன். என் சுவருக்கு ராத்தா ஒரு பச்சை நிறம் பூசியிருந்தார், என்னிடம் கேட்டிருந்தால் ஒருபோதும் விட்டிருக்க மாட்டேன். என் விறாந்தையில் ராத்தாவின் கணவர், என் மச்சான், சாரன்களைத் தொங்கவிட்டிருந்தார். என் கூரையில் துருப்பிடித்த கம்பிகள் நின்றன. வாடகை கேட்டால் ராத்தாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து, நடு வீதியில் தனியாகச் சிரித்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சவளக்கடைப் பக்கத்து வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சிரித்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் மச்சிட ஊட்டுல சும்மா இருந்திரிக்கன். ஒரு நாளைக்காவது ஒரு மீன் வாங்கிக் குடுத்தேனா?"

மகள் சிரிக்கவில்லை. "அப்ப எனக்கு எழுதித்தர உங்களுக்கு வீடில்லையா உம்மா?" என்று கேட்டாள். அதோடு என் சந்தோஷம் இறங்கிவிட்டது. பின் வீட்டை நான் எழுதிக் கொடுத்தால் அது இல்லாததைக் கொடுத்ததாகும். முன் வீட்டைக் கொடுத்தால் ராத்தாவை வெளியே போகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இருந்த உரிமையைச் சொல்லி வழக்குப் போடலாமா என்று நொத்தாரிசிடம் கேட்டிருந்தேன். போடலாம், உங்கள் மகளின் மகள் கலியாணத்துக்குத் தீர்ப்பு வரும் என்றாள். ஒரே வழிதான் இருந்தது. ராத்தாவும் நானும் இரண்டு வளவையும் ஒருவருக்கொருவர் மாற்றி எழுத வேண்டும். அதற்கு ராத்தா கையெழுத்து வைக்க வேண்டும். பதினொரு வருடம் கதைக்காத ராத்தா. மூன்று வாரம்தான் இருந்தது.

மகளைத் தூது அனுப்பப் பார்த்தேன். "கஞ்சி எண்டா கொண்டு போறன். இத நீங்களே கொண்டு போங்க" என்றாள். யாரைப் பார்த்து வளர்ந்ததோ தெரியவில்லை, வாய் நீளம்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பேணியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனேன். ராத்தா குசினி வாசலில் பலகையில் இருந்து கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை ஒரு தரம், பேணியை ஒரு தரம். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கடைப் பையோடு திரும்பி வந்தார். நீலப் பிடி வெளுத்துப் போயிருந்தது. அதற்குள்ளிருந்து உறுதியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுக்குத்தானே வந்த?"

"எப்பயிருந்து தெரியும் ராத்தா?" என்று கேட்டேன்.

"மேல்மாடிக்கு அனுமதி எடுக்கப் போன நேரம். அங்க இருந்த பொடியன் வாசிச்சுப் பாத்துட்டு, இது பின் வளவுட உறுதி எண்டான். என்ட பேருல இல்லாத ஊட்டுக்கு எப்பிடி மேல கட்டுற?"

"முழங்கால் வருத்தம் எண்டீங்களே."

"முழங்காலுக்கு ஒண்டுமில்ல. நாளைக்கும் மரம் ஏறுவன்."

முள்ளுத்தலை வீடு என்று பெயர் வைத்த என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அப்போதுதான் உறைத்தது. மேல்மாடி வேலை நின்றது முதலில். தேங்காய் விழுந்தது பிறகு. அப்படியென்றால் மத்தியஸ்த சபையில் மடியில் வைத்திருந்த இந்தப் பைக்குள் இந்த உறுதி இருந்திருக்கிறது.

"மரம் என்ட எண்டு நான் அந்தக் கத்துக் கத்தினேனே. இத எடுத்துக் காட்டியிருந்தா என்ட வாய் மூடியிருக்குமே ராத்தா."

"காட்டத்தான் கொண்டு வந்த நான்." ராத்தா திரும்பக் கணவாய்ச் சட்டியை இழுத்துக்கொண்டார். "நீ எழும்பி, வாப்பா எனக்குத் தந்த வளவு எண்டு சொன்னாய். உன்ட மாப்பிள்ளையும் ஊருல இல்ல. நான் பைய அவிழ்த்தா, அத்தன பேருக்கு முன்னால உனக்கு இரிக்க ஊடில்ல எண்டாகும். வாப்பா வாசிக்காமக் கையெழுத்து வச்ச மனுஷன் எண்டாகும். எனக்குக் கை வரல்ல."

"பிறகு தனியாச் சொல்லியிருக்கலாமே."

"நீ வெண்டு போட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போன. உன்னோட கதைக்கிறதில்ல எண்டு அண்டைக்கே நினைச்சிட்டன். கதைக்காத வாயால எப்பிடிச் சொல்ற?"

இதுதான் என் ராத்தா. எனக்காகப் பதினொரு வருடம் துருப்பிடித்த கம்பிக்குக் கீழே படுப்பார், ஆனால் முதல் சொல்லை அவர் சொல்ல மாட்டார். எனக்கு அழுகை வந்தது. கணவாய் மணத்துக்கு நடுவில் நின்று அழுதேன். அழுது முடியும்வரை ராத்தா கழுவிக்கொண்டே இருந்தார்.

"கையெழுத்து வைப்பன்" என்றார் பிறகு. "ரெண்டு விஷயம். மேல்மாடி ஜன்னல் உன்ட முத்தத்தப் பாத்துத்தான் வரும். அதுக்கு மத்தியஸ்தத்துக்குப் போகப்படாது."

"ஓம்."

"மற்றது, இந்த முறை முழுக்க வாசிக்கணும். சோறு ஆறினா ஆறட்டும்."

நிக்காஹுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நொத்தாரிசின் கந்தோரில் எல்லோரும் கூடினோம். ராத்தா, மச்சான், என் கணவர், மகள், நான். ராத்தா முகத்திரைக்குள்ளிருந்துகூட அதிகாரம் செய்தார். மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார், நொத்தாரிசைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வீடுகளை மாற்றி எழுதும் உறுதியை அந்தப் பிள்ளை சொல்லுக்குச் சொல் வாசித்தாள். எல்லைகள் வந்தபோது ராத்தா விரலை மடக்கி வடக்கு, கிழக்கு என்று எண்ணினார். என் கணவர் இரண்டு தரம் கொட்டாவி விட்டார். ஒருவரும் கையை உயர்த்தவில்லை. ராத்தா கையெழுத்து வைத்தார், நான் வைத்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு நாங்கள் எங்கள் எங்கள் வீடுகளுக்குக் குடிவந்தோம்.

அடுத்தது பின் வீட்டை நான் மகளுக்குக் கொடுக்கும் நன்கொடை உறுதி. ராத்தா அதற்குச் சாட்சி. மகள் என் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். நொத்தாரிசு வாசிக்கத் தொடங்கினாள்.

"…ஆகிய நான், எனது மகளுக்கு, அவர் மீது எனக்குள்ள இயற்கையான அன்பும் பாசமும் காரணமாக…"

எனக்குக் காது சூடேறியது. என் பிள்ளையிடம் இந்த வசனத்தை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சாப்பிடு என்று சொல்லியிருக்கிறேன், நேரத்தோடு வா என்று சொல்லியிருக்கிறேன். இதை ஒரு வெளியாள், கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே, சத்தமாகச் சொல்கிறாள். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கை தானாக மேலே போனது. "சரி புள்ள, மிச்சம் தெரியும்தானே, நேரம் போகுது" என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.

ராத்தா என் கையைப் பிடித்து மேசையில் வைத்து அழுத்தினார். "வாசிக்க விடு" என்றார்.

வாசித்து முடிந்தது. கையெழுத்துகள் முடிந்தன. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசு என்றாள். இந்த வசனத்தை உனக்கு எழுதச் சொன்னது ஆர் என்று நொத்தாரிசிடம் கேட்டேன்.

"எல்லா நன்கொடை உறுதியிலயும் வாறதுதான் டீச்சர். உங்கட வாப்பா எழுதினதுலயும் இரிக்கும்."

ராத்தா நீலப் பிடிப் பையைத் திறந்து, வாப்பாவின் பழைய உறுதியை எடுத்து, நொத்தாரிசுக்கு முன்னால் வைத்தார். பிழையான வளவு, பிழையான எல்லைகள், இனி ஒன்றுக்கும் உதவாத உறுதி. வாப்பா கையை உயர்த்திய இடத்தை விரலால் காட்டினார்.

"இதிலயிருந்து வாசிங்க" என்றார். "எங்களுக்கு அவசரமில்ல."